எட்டு வயதிலும் ஊகித்தே படிக்கும் பிள்ளைக்கு ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி பயிற்சி பலன் தருமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் எட்டு வயது மகன். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறான், கணக்கிலும் கெட்டி. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான். தமிழிலும் இதே கதை, ஆங்கிலத்திலும் இதே கதை. ஒரு வருடம் டியூஷன் அனுப்பியும் மாற்றம் இல்லை. இப்போது ஒருவர், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசையாகச் சொல்லித்தரும் ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி என்ற முறையில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கலாம் என்கிறார். இது நிஜமாகவே வேறு பயிற்சியா, பழைய டியூஷனுக்குப் புதுப் பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் ‘இவன் மற்ற பிள்ளைகளைப் போல எப்போதாவது படிப்பானா’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. நான் உளவியலாளர் இல்லை. டிஸ்லெக்ஸியா, அதாவது புத்திக்கூர்மை இருந்தும் சொற்களைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம், இருக்கிறது, இல்லை என்று சான்று தரும் தகுதி எனக்குக் கிடையாது. உங்கள் பையனைப் பார்க்காமல் அவனுக்கு இன்னதுதான் என்று யாரும் சொல்லவும் கூடாது. கண், காது இரண்டையும் இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். சளியால் காதில் நீர் கோத்து, சில ஒலிகள் சரியாகக் கேட்காமலே ஒரு வருடத்தைக் கடத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

சரி, நேரடியான பதில்: ஆம், இது வேறு பயிற்சிதான். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்குப் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு நடக்கும் வகுப்புகள் எல்லாம் ஒன்று இல்லை. பிள்ளை இன்று செய்த பிழையைப் பார்த்து நாளைய பாடத்தைத் தீர்மானிக்கத் தெரிந்தவரா என்பதுதான் சான்றிதழைவிட முக்கியம். ஏன் என்று விளக்குகிறேன்.

பேச்சு பிள்ளைக்குத் தானாக வரும். சுற்றி இருப்பவர்கள் பேசினால் போதும். படிப்பு அப்படி வருவதில்லை, யாராவது சொல்லித்தர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தாலும் மீதியைத் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். சிலரால் அது முடிவதில்லை, அதற்கும் புத்திக்கூர்மைக்கும் தொடர்பு இல்லை. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார்கள்: படித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்துக்கூட்டிச் சொல்லை அடையாளம் காணும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் மற்றது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கேட்ட கதையை உங்கள் மகன் அப்படியே திருப்பிச் சொல்கிறான் என்றால் இரண்டாவது நன்றாக இருக்கிறது. திணறல் முதலாவதில். ஒரு வருட டியூஷன் உதவாததற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டியூஷனில் அன்றைய பாடத்தின் கேள்வி பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் காதால் வாங்கி ஒப்பித்துவிடுவதற்கு இவனுக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது. எழுத்துக்கூட்டும் வேலையை அங்கே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஊகித்துப் படிப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். சொல்லுக்குள் நுழைய வேறு வழி தெரியாத பிள்ளை படத்தையும் முதல் எழுத்தையும் கதையின் போக்கையும் வைத்துச் சமாளிக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய படம் என்று இருக்கும்போது இந்தச் சமாளிப்பு எடுபடுகிறது. மூன்றாம் வகுப்பில் பத்தி நீளும், படம் சிறுக்கும், புதுச்சொற்கள் குவியும். அப்போது வண்டி நின்றுவிடுகிறது. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அர்த்தமே இல்லாத சில சொற்களை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: நுபம், தெகில், மோசுடு, பிட்டாலி. நினைவிலிருந்தோ படத்திலிருந்தோ எடுத்துச் சொல்ல இவற்றில் எதுவும் கிடையாது. எழுத்தை ஒலியாக்கித்தான் தீர வேண்டும். இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்ட பொய்ச்சொற்கள்தான். தெரிந்த கதையைக் கடகடவென்று படித்துவிட்டு ‘தெகில்’ என்பதில் நின்றுபோகும் பிள்ளை எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியில் என்ன நடக்கிறது? எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை எளியதிலிருந்து கடினத்துக்கு ஒரு வரிசை வைத்து, எதையும் பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடாமல், வெளிப்படையாகச் சொல்லித் தருவது. முந்தையது கைவந்த பிறகுதான் அடுத்தது. கைவந்ததையும் விட்டுவிடாமல் அடுத்தடுத்த வாரங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது. படிப்பதற்குத் தரும் வரிகளிலும் அதுவரை சொல்லித்தந்த எழுத்துகள்தான் இருக்க வேண்டும், ஊகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

என் மேசையில் நடக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். எழுத்து அட்டைகளை வைத்து ‘படம்’ என்று அமைப்போம். இதை ‘பாடம்’ ஆக்கு என்பேன். பிள்ளை இரண்டையும் வாயால் சொல்லிப் பார்த்து, மாறியது முதல் ஒலி, அது நீண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு துணைக்கால் அட்டையைச் செருக வேண்டும். அடுத்து, பழையபடி ‘படம்’ ஆக்கி, இதை ‘பட்டம்’ ஆக்கு என்பேன். திணறும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்பார்கள். ‘ப’வும் சரி, ‘டம்’மும் சரி, நடுவில் ஏதோ அழுந்துகிறது, அது தனியாக ஓர் எழுத்து கேட்கிறது என்பது அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. மெதுவாகச் சொல்லி, மேசையில் ஒலிக்கு ஒரு தட்டு தட்டி, அந்த இடத்தில் ‘ட்’ அட்டையை அவர்கள் கையாலேயே வைக்கச் செய்வேன். அப்புறம் பட்டம் பாட்டம் ஆகும், பாட்டம் நாட்டம் ஆகும். ஒவ்வொரு முறையும் மாறுவது ஒரே ஒரு இடம். எது மாறியது என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலைதான். இதற்குள்ளேயே படித்தல், எழுதுதல், ஒலியைப் பிரித்தல் மூன்றும் நடந்துவிடுகின்றன. மீதி நேரம் பழைய எழுத்துகளின் மறுபார்வை, புதிதாக ஒரு விதி, டிக்டேஷன், கடைசியில் கொஞ்சம் வாய்விட்டுப் படிப்பு.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். 26 எழுத்துகளை வைத்து ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிற மொழி அது. அதனால் விதிகள் அதிகம். ஆனால் பலர் நினைப்பதைவிட ஒழுங்கும் அதிகம். முதுகைக் குறிக்கும் ‘பேக்’ என்ற சொல்லின் கடைசியில் சி-கே இரண்டும் வருகின்றன. பாலைக் குறிக்கும் ‘மில்க்’ வெறும் கே-யில் முடிகிறது. ஓரசைச் சொல்லில் குறுகிய உயிரொலியை ஒட்டி உடனே ‘க்’ வந்தால் சி-கே. நடுவில் இன்னொரு மெய் புகுந்துவிட்டால் கே மட்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் உங்கள் பையனுக்குச் சொல்லியிருக்காது. சொல் சொல்லாக மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். ஒரு விதியைச் சொல்லி, இருபது சொற்களை அவனையே பிரித்து அடுக்கச் சொன்னால், அதுவரை குழப்பமாகத் தெரிந்தது அவனுக்குக் காரணத்தோடு தெரிய ஆரம்பிக்கும்.

பிழைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், என் அனுபவத்தில் நல்ல பயிற்சியாளரும் சுமாரான பயிற்சியாளரும் பிரிவது இங்கேதான். ஒரு பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதுகிறது. இன்னொரு பிள்ளை ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதுகிறது. சிவப்பு மையில் சுழித்தால் இரண்டும் ஒரே பிழை, ஆளுக்கு ஐந்து தடவை எழுது என்று முடிந்துவிடும். ஆனால் முதல் பிள்ளை எல்லா ஒலியையும் வரிசையாகப் பிடித்திருக்கிறது. அதன் வாயில் வருவதும் ‘பளம்’தான் என்றால் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. அதற்குத் தேவை ழகரச் சொற்களைக் கூட்டமாகப் பார்த்துப் பழகுவதும், உச்சரிப்பைத் திருத்துவதும். இரண்டாவது பிள்ளை ஓர் ஒலியையே தவறவிட்டிருக்கிறது. அதற்குத் தேவை அட்டை வேலை. ஆங்கிலத்திலும் பாருங்கள். மழைக்கான ‘ரெயின்’ என்ற சொல்லை ஒரு பிள்ளை ஆர்-ஏ-என்-ஈ என்று எழுதினால் நான் சந்தோஷப்படுவேன். அந்த ஒலியை எழுத இருக்கிற வழிகளில் ஒன்றைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறது, இந்தச் சொல்லுக்கு எந்த வழி என்பதுதான் பாக்கி. ‘லேம்ப்’ என்பதை எல்-ஏ-பி என்று எழுதினால் கவனிக்க வேண்டும். இன்னொரு மெய்க்கு முன்னால் வரும் மூக்கொலியை விட்டுவிடுவது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று. உங்கள் மகன் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறான் என்றீர்களே, அந்த மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவற்றை வைத்து அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி என்ற பெயரில் கிடைக்கும் பாடத்திட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்குத் திருப்பிப் போட முடியாது. ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்தும் ஒலியும் நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் தமிழுக்கென்று சில கண்ணிகள் இருக்கின்றன. 247 என்ற எண்ணிக்கை முதலாவது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகளை முழுமையாகக் கைக்கொள்வது நான்காம் வகுப்பு வரைக்கும் நீள்கிறது என்று 2007இல் காட்டினார். தமிழ் எழுத்துமுறையும் அதே குடும்பம்தான். அப்புறம் ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலியை அடுக்கப் பழகும் பிள்ளை இங்கே தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. உகரக் குறி ‘கு’வில் ஒரு வடிவம், ‘து’வில் வேறு, ‘பு’வில் வேறு. ‘க’ என்ற ஒரே எழுத்து காகத்தின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இதற்கெல்லாம் மேலே, பிள்ளை பேசுவது ‘வந்துச்சு’, புத்தகத்தில் இருப்பது ‘வந்தது’. சரியாக எழுத்துக்கூட்டினாலும், காதுக்குப் பழக்கமான சொல்லாக அது வந்து சேர்வதில்லை. எழுத்துத் தமிழைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்கு இந்தக் கடைசிச் சிக்கல் குறைகிறது, அதனால்தான் கதை படித்துக் காட்டுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். எழுத்து–ஒலி உறவை முறையாக, வரிசையாகச் சொல்லித்தருவது, போகிற போக்கில் சொல்லிச் செல்வதைவிடப் பலன் தரும் என்பது உறுதி. அமெரிக்காவில் தேசிய அளவில் அமைத்த வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை பல ஆய்வுகளைத் திரட்டி இதைச் சொன்னது. அதே அறிக்கையில் பெற்றோருக்குச் சங்கடமான செய்தியும் இருக்கிறது: முதல் வகுப்புக்குள் தொடங்கியபோது பலன் பெரிது, முதல் வகுப்பைத் தாண்டியவர்களிடம் சிறிது, ஸ்பெல்லிங்கில் மிகவும் சிறிது. எட்டு வயது தாமதம் இல்லை. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று தள்ளுவதுதான் தவறு. ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியை வெறும் வாய்மொழியாகச் செய்வதைவிட எழுத்துகளோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடுதல் என்பதும் அதில் உண்டு. எழுத்தே இல்லாமல் மணிக்கணக்கில் வாய்ப்பயிற்சி மட்டும் செய்யும் வகுப்பு என்றால் எனக்குத் தயக்கம்.

சந்தேகமானவையும் இருக்கின்றன. இந்த வகைப் பயிற்சிகளுக்கு மூலம், நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை ஆனா கில்லிங்ஹாமும் 1930களில் உருவாக்கிய முறை. அவர்கள் பெயரால் இன்று பல சான்றிதழ்கள் தரப்படுகின்றன. ஆனால் அந்த முறையைப் பற்றிய ஆய்வுகளை 2021இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, பலன் பக்கம் சாய்வு இருந்ததே தவிர புள்ளியியல் ரீதியாக உறுதி என்று சொல்லும் அளவுக்கு வரவில்லை. கொள்கை சரி, குறிப்பிட்ட ஒரு முத்திரை மற்றவற்றைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மணலில் எழுதுவது, காற்றில் வரைவது போன்றவையும் அப்படித்தான். பிள்ளைக்குப் பிடித்தால் செய்யலாம். அதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லை. டிஸ்லெக்ஸியாவுக்கு இவை உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் சங்கங்கள் சேர்ந்து 2009இலேயே அறிவித்துவிட்டன. காசை அதில் போடாதீர்கள். எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதுகிறான் என்பதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டுபவர்களையும் நம்ப வேண்டாம். ஏழு வயது வரைக்கும் பல பிள்ளைகளும் செய்வதுதான் அது.

எவ்வளவு காலம் ஆகும்? 2001இல் டோர்கெசன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை உங்களைப் போன்ற பெற்றோருக்கு அடிக்கடி சொல்வேன். எட்டிலிருந்து பத்து வயது வரை உள்ள, கடுமையாகத் திணறிய 60 பிள்ளைகள். ஒருவருக்கு ஒருவர் என்று தினம் இரண்டு தடவை ஐம்பது ஐம்பது நிமிடம், எட்டு வாரம். மொத்தம் 67.5 மணி நேரம். சொற்களைப் பிழையில்லாமல் படிப்பதில் பெரிய முன்னேற்றம் வந்தது, இரண்டு வருடம் கழித்தும் அது நின்றது. ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குச் சிறப்பு வகுப்பே தேவைப்படவில்லை. ஆனால் வேகம் மட்டும் சம வயதினரை எட்டவில்லை. உங்கள் கணக்கில் பார்த்தால், வாரம் இரண்டு மணி நேரம் என்றால் அதே 67 மணியைத் தொட ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும், ஒரு வாரம் கூட விடாமல் போனால். அதனால் வாரம் இரண்டு வகுப்பு மட்டும் போதாது. மற்ற நாட்களில் வீட்டில் பதினைந்து நிமிடம், பயிற்சியாளர் கொடுத்ததை மட்டும், புதிதாக எதையும் சேர்க்காமல் செய்யுங்கள். முடிந்தால் மூன்றாவது வகுப்பும் கேட்டுப் பாருங்கள்.

ஆக, மற்ற பிள்ளைகள் மாதிரி படிப்பானா என்றால்: பிழையில்லாமல் படிப்பான் என்று எதிர்பார்க்கலாம். அவர்கள் அளவு வேகத்தில் படிப்பான் என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஸ்பெல்லிங் எல்லாவற்றுக்கும் கடைசியாக வரும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் முழுமையாக வருவதில்லை. அப்படி இருந்தும் நிறையப் படித்து, நல்ல வேலைகளில் இருப்பவர்கள் ஏராளம்.

பயிற்சியாளரிடம் சேர்க்கும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள். முதல் வகுப்பிலேயே பாடத்தை ஆரம்பிப்பாரா, என்ன தெரியும் என்ன தெரியாது என்று பரிசோதித்துவிட்டு ஆரம்பிப்பாரா? ஒரு சொல்லில் நின்றுவிட்டால் ‘படத்தைப் பார், என்னவாக இருக்கும்’ என்பாரா, எழுத்துக்குத் திருப்பி அழைத்து வருவாரா? முதல் வகை பதில் என்றால் பெயர் எதுவாக இருந்தாலும் அது இந்தப் பயிற்சி இல்லை. தமிழையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னால், தமிழுக்கு அவர் வைத்திருக்கும் வரிசை என்ன என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து, அவன் பார்த்திராத ஒரு பொய்ச்சொல் பட்டியலைக் கொடுத்து முன்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பழகிய கதையை வேகமாகப் படித்துக் காட்டுவதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் எதுவுமே நகரவில்லை என்றால் பயிற்சியாளரையோ வகுப்பின் அளவையோ மாற்ற வேண்டும்.

பள்ளியிலும் ஒரு உதவி கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பு முன்னால் எழுந்து நின்று படிக்கச் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். படிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் முந்தைய நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிட்டால் வீட்டில் தயார் செய்துகொண்டு போவான். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை இப்போதைக்கு நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும். எழுத்துக்கூட்டும் திறன் வந்து சேரும்வரை அவனுடைய சொல்வளமும் அறிவும் தேங்கி நின்றுவிடக் கூடாது.